திறந்திருந்த அறை: பண்டித ரமாபாயின் ஜெபமும் நம்முடைய ஜெபமும்

“ஜெபம் பண்ணும்மா, எல்லாம் சரியாயிடும்.”

இந்தச் சொற்களைக் கேட்காத கிறிஸ்தவப் பெண் இங்கே இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. புருஷனிடம் அடிபட்டவளுக்கும் இதுதான் பதில். மேலே படிக்க ஆசைப்பட்டு வீட்டில் அனுமதி கிடைக்காதவளுக்கும், குழந்தை இல்லை என்று குத்திக்காட்டப்படுகிறவளுக்கும் இதுதான். சிலர் மெய்யான அன்போடு சொல்கிறார்கள். சிலர் பேச்சை முடித்துக்கொள்வதற்காகச் சொல்கிறார்கள். அதனால்தான் பெண்ணியத் தோழிகள் பலருக்கு ஜெபம் என்ற சொல்லே கசக்கிறது. பெண்ணின் வாயை அடைக்கும் பஞ்சு அது என்கிறார்கள் அவர்கள்.

நான் இரண்டு இடங்களிலும் இருக்கிறவள். வாரநாட்களில் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். சனிக்கிழமை மாலையில், சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறேன். கடவுள் கேட்கிறாரா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வியல்ல. அது அவரவர் விசுவாசம். என் கேள்வி வரலாற்றைச் சார்ந்தது. ஜெபம் ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன வேலை செய்தது? தனக்காக ஜெபிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி, மற்றவர்களுக்காகவும் மற்றவர்களோடும் எப்படி ஜெபித்தாள்? இதற்கு விடை தேடப் பண்டித ரமாபாயின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன்.

ரமாபாய் 1858இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப்பகுதியில், கங்காமூலம் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சொந்தச் சமூகத்தின் பகையைச் சம்பாதித்தவர். தாய் கற்றதைத் தாயிடமிருந்து மகள் கற்றாள். குடும்பம் ஊர் ஊராக, தலம் தலமாக நடந்தது. புராணம் படித்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தார்கள். 1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தபோது அவர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். கையிருப்பு தீர்ந்தது. விரதம், தீர்த்தமாடல், மந்திர உரு, தானம் என்று சாஸ்திரம் சொன்ன அனைத்தையும் செய்துபார்த்தார்கள். தந்தையும் தாயும் மூத்த சகோதரியும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டினியால் செத்தார்கள். எஞ்சிய ரமாவும் அண்ணன் சீனிவாசனும் 4,000 மைலுக்கு மேல் நடந்தே இந்தியாவைச் சுற்றினார்கள். அந்த நடையில்தான் பழைய நம்பிக்கை தங்களை விட்டுப் போனது என்று பின்னாளில் தம் சாட்சி நூலில் அவர் எழுதினார்.

இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெபம் பலிக்காமல் போவது எப்படி இருக்கும் என்பதை இருபது வயதுக்குள் பார்த்துவிட்டவர் ரமாபாய். இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்ற பேரத்தைப் பசியின் முன்னால் வைத்துப் பார்த்தவர். “ஜெபம் பண்ணு, சரியாயிடும்” என்ற வாக்குறுதி அவரிடம் எளிதில் செல்லுபடியாகியிருக்காது.

1878இல் கல்கத்தாவுக்குப் போனபோது அங்கிருந்த பண்டிதர்கள் அவருடைய புலமையைச் சோதித்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைத் தந்தார்கள். அண்ணன் இறந்தான். 1880இல் சாதி கடந்து பிபின் பிகாரி என்ற வங்காள வழக்கறிஞரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவரும் இறக்க, கையில் மகள் மனோரமாவோடு விதவையானார். 1882இல் பூனாவில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் வேண்டும் என்று வாதாடினார். 1883இல் இங்கிலாந்து சென்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், வாண்டேஜ் நகரில் புனித மரியாள் சபைக் கன்னியரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பல நூல்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. சிலருக்கு வெற்றிக் கதை, சிலருக்குத் துரோகக் கதை. எனக்கோ கதை இங்கேதான் தொடங்குகிறது. ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், இனி இவர் சொன்னபடி கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள். ரமாபாய் கேட்கவில்லை. செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அவர் ஆண்களுக்கும் பாடம் சொல்லித்தரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தியாவிலிருந்த பிஷப்புகள் தடுத்தார்கள். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபைகளில் நின்று பேசிவந்த எனக்கு இது என்ன புதுத்தடை என்று அவர் கேட்டார். திரித்துவம் போன்ற கோட்பாடுகளை, புரியாமல், சொன்னதற்காக ஏற்க முடியாது என்றார். அவருடைய ஞானத்தாயான கன்னியர் ஜெரால்டினுக்கு எழுதிய கடிதங்களில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: பெரும்பாடுபட்டு நம் நாட்டுப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து வெளியே வந்தேன், இன்னொரு புரோகித நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்க வரவில்லை. லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணிவதிலும் அவருக்குத் தயக்கம். தம் மக்களுக்குத் தெரியாத மொழி எதற்கு, சமஸ்கிருதத்தில் இருக்கலாமே என்றார்.

அடம் என்றும் ஆணவம் என்றும் அந்தக் கன்னியர் இதைக் கண்டார்கள். எனக்கு இது ஜெப வாழ்வின் முதல் பாடமாகப் படுகிறது. தனக்கென்று ஒரு மனச்சாட்சி இல்லாதவள் யாருடைய குரலில் ஜெபிப்பாள்? போதகர் சொல்லித்தந்த குரலில், மாமியார் எதிர்பார்க்கும் குரலில், கூட்டத்தில் நல்லவள் என்று பெயர் வாங்கும் குரலில்தான் ஜெபிப்பாள். ரமாபாய் தம் குரலை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 1891 வாக்கில்தான், தமக்கு ஒரு மதம் கிடைத்தது, ஆனால் கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று உணர்ந்து உள்ளம் திரும்பியதாக அவரே எழுதுகிறார். எட்டு ஆண்டு அவர் நடிக்காமல் காத்திருந்தார். விசுவாசம் வராத நாட்களில் வந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு உண்மையான ஜெபம்தான்.

இதற்கிடையில் அவர் அமெரிக்கா சென்று, 1887இல் உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டு, இளம் விதவைகளுக்கு ஒரு பள்ளி நடத்த ஆதரவு திரட்டியிருந்தார். பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம் பணம் அனுப்பியது. 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டு பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. மதப் பிரச்சாரம் இராது என்பது ஒப்பந்தம். ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். மொட்டையடிக்கப்பட்ட தலையோடும் ஒரு வேளைச் சோற்றோடும் மூலையில் கிடந்த சிறுமிகள் அங்கே புத்தகம் எடுத்தார்கள்.

ரமாபாய் காலையில் மகளோடு தம் அறையில் வேதம் வாசித்து ஜெபிப்பார். கதவைச் சாத்துவதில்லை. உள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது. பலர் பார்க்கத் தெருமுனையில் நின்று ஜெபித்தவர்களைக் குறித்து அவர் அதைச் சொன்னார். ரமாபாயின் அறை தெருமுனை அல்ல. வா என்று யாரையும் அழைக்கவில்லை, போ என்று யாரையும் விரட்டவில்லை. தாயைச் சுற்றிப் பிள்ளைகள் வந்து உட்காருவதுபோலச் சில சிறுமிகள் வந்து உட்கார்ந்தார்கள். இந்துச் சிறுமிகள் தங்கள் வழிபாட்டைச் செய்துகொள்ளவும் சதனில் தடையில்லை. அவர்களுக்குள்ள உரிமை எனக்கும் உண்டு, என் அறையில் என் கடவுளை நான் மறைந்திருந்து கும்பிட வேண்டியதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு.

பூனாவில் புயல் கிளம்பியது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. 1893இல் ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளை உறவினர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் பள்ளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இந்த இடத்தில் நாம் எளிதாக அவர் பக்கம் நின்றுவிடக் கூடாது. போக்கிடம் இல்லாத ஒரு சிறுமி, தனக்குச் சோறும் எழுத்தும் தருகிறவள் முழந்தாளிடுவதைப் பார்க்கிறாள். ‘யாரையும் அழைக்கவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கட்டும். நன்றியும் அன்பும் பயமும் கலந்த அந்த இடத்தில் விருப்பம் எது, கட்டாயம் எது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? மற்றவர்களை ஜெபத்துக்குள் கொண்டுவருகிற எவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. விடுதிக் காப்பாளருக்கு உண்டு, ஞாயிறுபள்ளி ஆசிரியைக்கு உண்டு, தாய்க்கும் உண்டு. அதே வேளை, சிறுமிகளை அழைத்துப்போன உறவினர்கள் அவர்களுக்குத் தந்தது சுதந்திரத்தை அல்ல, பழைய மூலையைத்தான் என்பதையும் மறக்க முடியாது. அந்தச் சச்சரவில் எல்லோரும் பேசினார்கள். சிறுமிகளிடம் யாரும் கேட்கவில்லை. திறந்த கதவு என்பது உள்ளே வருவதற்கு மட்டும் திறந்திருந்தால் போதாது. வெளியே போகவும், போனபிறகும் அன்பும் சோறும் குறையாமல் இருக்கவும் திறந்திருக்க வேண்டும். ஒரு ஜெபக்கூட்டத்தை அளக்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இது.

அடுத்த கட்டத்தில் ஜெபத்தின் வடிவமே மாறியது. 1896–97இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியபோது, தாம் பசியில் நடந்த அதே பாதையை நினைத்து ரமாபாய் அங்கே சென்றார். முகாம்களில் பட்டினியும் பாலியல் சுரண்டலும் சிறுமிகளை விழுங்குவதைக் கண்டு, 300க்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தார். பூனாவில் பிளேக் நோய்க் கட்டுப்பாடு. ஆகவே கேட்கானில் வாங்கியிருந்த நிலத்தில் கூடாரம் அடித்து அவர்களைத் தங்கவைத்தார். அதுதான் முக்தி. 1900இல் குஜராத் பஞ்சமும் சேர, அங்கே இருந்தவர்கள் தொகை 1,500ஐத் தாண்டியது. சாரதா சதன் உயர்சாதி விதவைகளுக்காகத் தொடங்கப்பட்டது. முக்தியில் எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளாகி ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதன் இருந்தது. பார்வையற்றவர்கள் பிரெயிலில் படித்தார்கள். தறி நெய்தார்கள், செக்காட்டினார்கள், மாடு வளர்த்தார்கள், அச்சுக் கோத்தார்கள். இவ்வளவு பேருக்கும் நாளை என்ன சோறு என்பது ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் வைக்கப்பட்ட கேள்வி. அந்த ஜெபம் முடிந்ததும் எழுந்து கிணறு வெட்டப் போனார்கள். தந்தையின் காலத்துப் பட்டினி ஜெபத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1905 ஜனவரியில் ரமாபாய் சிறப்பு ஜெபத்துக்கு அழைப்பு விடுத்தார். வேல்ஸ் நாட்டு எழுப்புதல் செய்தி அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. நாள்தோறும் கூடியவர்கள் முதலில் 70 பேர் அளவில் இருந்தார்கள். ஜூனில் அது 500ஐத் தாண்டியது. மாதக் கடைசியில் முக்தியில் எழுப்புதல் வெடித்தது. சிறுமிகள் அழுதார்கள், ஆடினார்கள், நூற்றுக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்தன. பலர் கூட்டங்களாகப் பிரிந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். மேலைநாட்டு மிஷனரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். இது வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு, ஒழுங்கில்லை என்றார்கள். ரமாபாய் அதற்கு நிதானமாகப் பதில் எழுதினார். இந்தியர்கள் தங்கள் இயல்புக்கேற்ப அழட்டும், சிரிக்கட்டும், கை தட்டட்டும், ஆங்கிலேயர் அடங்கி ஜெபிக்கும் முறைதான் ஆவியானவரின் முறை என்று யார் தீர்மானித்தது என்பதே அந்தப் பதிலின் சாரம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அழுதவர்கள் யார்? பஞ்சத்தில் தாய் தகப்பனைப் புதைக்கக்கூட முடியாமல் விட்டு வந்தவர்கள். குழந்தை விதவைகள். விற்கப்பட்டவர்கள். அழ இடமில்லாமல் வளர்ந்தவர்கள். வேதத்தில் அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று கண்டித்தான். பெண் மௌனமாக ஜெபித்தால் குடிவெறி, உரக்க ஜெபித்தால் வெறித்தனம். முக்தியின் சிறுமிகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. துக்கத்துக்கு அங்கே ஒரு கூரை கிடைத்தது, சுற்றிலும் அதே துக்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் குரல் எவ்வளவு தூரம் போனது என்பதை வரலாறு பதிவுசெய்திருக்கிறது. முக்தியில் பணிசெய்த மின்னி ஆபிரம்ஸ் என்ற அமெரிக்கப் பெண், நடந்ததை 1906இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அதன் பிரதி ஒன்று சிலி நாட்டின் வால்பரைசோ நகரிலிருந்த தம் பழைய கல்வித் தோழி மே ஹூவருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 1909இல் தோன்றிய பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு அது ஒரு தூண்டுதல். பெந்தெகொஸ்தே வரலாறு என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவிலிருந்து தொடங்குவதே வழக்கம். அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல்தான் ஆரம்பமாயின. கேட்கானின் அநாதைப் பெண்கள் அதற்கு முந்தைய ஆண்டே முழங்காலில் நின்றார்கள்.

நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் குளோரிந்தா என்ற மராத்தியப் பிராமண விதவையுடையது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்ததால் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அந்த அதிகாரி இறந்தபின், 1778இல்தான், சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். அதற்குள் அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் வேதம் கேட்கவும் ஜெபிக்கவும் கூடியிருந்தது. அவர் முயற்சியில் எழுந்த சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிறகு வந்த வேதாகமப் பெண்கள் குடையும் பையுமாகத் தெருத்தெருவாக நடந்து, வெளியே வர முடியாத பெண்களுக்கு வாசிக்கச் சொல்லித்தந்து அவர்களோடு ஜெபித்தார்கள். 1905 அக்டோபரில் டோனாவூரிலும் எல்லோரும் ஒருமித்து உரக்க ஜெபித்த எழுப்புதல் உண்டாயிற்று. பிரசங்கபீடம் பெண்ணுக்கு மூடியிருந்த காலம் முழுவதும் ஜெபம் அவளுக்கு மேடையாக இருந்தது. தலைமை தாங்க, கூட்டம் நடத்த, பணம் சேர்க்க, பொதுவில் பேச அவள் அங்கேதான் பழகினாள்.

ரமாபாயின் கடைசி வேலை மொழி சார்ந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். சமஸ்கிருதப் பட்டம் பெற்றவர்தான், படிக்காத பெண்ணுக்குப் புரியாத சமஸ்கிருதச் சொற்களை வேண்டாமென்று ஒதுக்கினார். முக்தியின் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921இல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் இறந்தார், மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு. தன் நாவில் வருகிற மொழியில் ஜெபிக்கும் உரிமையை வாண்டேஜில் தமக்காகக் கேட்டவர், முடிவில் அதை எல்லோருக்குமாக்கினார்.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. பிற்கால எழுத்துகளில் தாம் விட்டுவந்த சமயத்தைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் கடுமையானவை. அந்தச் சமயத்துக்குள் நின்றே போராடிய பெண்களுக்கு அவற்றில் இடமில்லை. முக்தியின் வாழ்வு ஒரு பெரிய தாயின் விருப்பத்தைச் சுற்றியே சுழன்றது. இவற்றைச் சொல்லாமல் அவரைப் புனிதராக்கினால் அவரிடமிருந்து கற்க முடியாது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். உனக்காக ஜெபிக்கும்போது உன் குரலில் ஜெபி. நம்பாததை நம்புவதாகச் சொல்லாதே. கோபமிருந்தால் கோபத்தோடு வா. மற்றவர்களுக்காக ஜெபிக்கும்போது பெயர் சொல்லி ஜெபி. “எல்லாப் பெண்களையும் ஆசீர்வதியும்” என்பது சுலபம். ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அவள் வீடு எங்கே, அவள் இன்று சாப்பிட்டாளா என்ற கேள்வியும் கூடவே வரும். மற்றவர்களோடு ஜெபிக்கும்போது கதவை இரு பக்கமும் திறந்து வை. ஜெபக் குறிப்பு சொன்னவளின் ரகசியத்தை வெளியே கொண்டுபோகாதே. ஆமென் சொன்னபிறகு எழுந்திரு.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றம் வந்திருக்கிறது. “வீட்டுக்காரருக்காக ஜெபியுங்கள்” என்று ஒருத்தி தலைகுனிந்து சொன்னால், ஜெபித்து முடிந்தபிறகு இருவர் அவளருகே உட்கார்ந்து, அடிக்கிறாரா என்று நேராகக் கேட்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது, பாதுகாப்பு அலுவலர் யார், 181 என்ற எண்ணுக்கு எப்போது அழைக்கலாம் என்பதை எங்களில் சிலர் கற்றுவைத்திருக்கிறோம். எதையும் செய் என்று அவளைத் தள்ளுவதில்லை. அவள் முடிவெடுக்கும்வரை கூட இருக்கிறோம், அன்றிரவு படுக்க இடம் வேண்டுமென்றால் கொடுக்கிறோம். “ஜெபம் பண்ணும்மா” என்று இப்போதும் சொல்கிறோம். அதற்கடுத்து, “நாங்க கூட வர்றோம்” என்றும் சொல்கிறோம்.